கடலோரப் பிள்ளைகளும் கணக்கு விளையாட்டும்: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாக் நீரிணையை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து ஆசிரியர்களோடு பயிற்சியில் உட்காரும்போதும், சாயங்காலம் பள்ளி வாசலில் அம்மாக்களோடு நின்று பேசும்போதும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. மணி அடிக்கும் அவசரத்தில் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் என் அனுபவம். அதைத் தாண்டிப் பேசவில்லை.

போனில் கணக்கு விளையாட்டு விளையாடினால் பிள்ளைக்குக் கணக்கு வந்துவிடுமா டீச்சர்?

எந்த விளையாட்டு என்பதைப் பொறுத்தது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு செயலியில் எல்லாக் கட்டத்திலும் மூன்று நட்சத்திரம் வாங்கியிருந்தான். அவன் அம்மா பெருமையோடு கொண்டுவந்து காட்டினார். கரும்பலகையில் 7 + 5 எழுதினேன், முழித்தான். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஆடுவதைப் பார்த்தபோதுதான் புரிந்தது. திரையில் நான்கு பலூன் வரும், அதில் ஒன்றில்தான் சரியான விடை இருக்கும். தப்பான பலூனைத் தொட்டால் ஒன்றும் ஆகாது, சரியானதைத் தொட்டால் வெடிக்கும். அவன் நான்கையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனான். விரல் வேகம் நன்றாகவே கூடியிருந்தது, கூட்டல் மட்டும் அங்கேயே நின்றது.

அன்றிலிருந்து எந்த விளையாட்டையும் ஒரே கேள்வியால் சோதிக்கிறேன்: கணக்குப் போடாமல் இதில் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அதில் கணக்கு மேல்பூச்சுதான். விளையாட்டின் நகர்வே கணக்காக இருக்க வேண்டும். காய் நகர வேண்டுமானால் எண்ணியாக வேண்டும், கட்டம் நிரம்ப வேண்டுமானால் பத்துக்கு எத்தனை குறைகிறது என்று யோசித்தாக வேண்டும். அப்படிப்பட்டது செயலியானாலும் சரி, மணலில் கிழித்த கோடானாலும் சரி, பிள்ளைக்குப் பயன்படும்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கே கணக்கு அவ்வளவாக வராதே.

கணக்கு வர வேண்டியதில்லை. பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன் பத்து நிமிடம் நீங்களே ஆடிப் பாருங்கள். வேண்டுமென்றே தப்பாகப் போடுங்கள். வெறும் சிவப்பு விளக்கு எரிந்து 'தவறு' என்று வந்தால் அதனால் பெரிய லாபமில்லை. உங்கள் விடைக்கும் சரியான விடைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று படமாகக் காட்டினால், அதைச் செய்தவருக்குக் கற்பித்தல் தெரியும் என்று நம்பலாம். விளம்பரம் குறுக்கே வந்தால் அப்போதே நீக்கிவிடுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு எது விளையாட்டு, எது விளம்பரம் என்று பிரிக்கத் தெரியாது.

கடிகாரம் ஓடும் விளையாட்டை ஆரம்பத்தில் தவிர்க்கச் சொல்வேன். என் வகுப்பில் எப்போதும் சுவர் ஓரம் உட்காரும் பெண் பிள்ளை ஒருத்தி இருந்தாள். நேரம் குறைவதைக் கண்டதும் கை நடுங்கி, தெரிந்த விடையையும் விட்டுவிடுவாள். கடிகாரத்தை நிறுத்தி வைத்த ஒரு மாதத்தில் அவளே முன் வரிசைக்கு வந்தாள். வேகம் பின்னால் வரும், அவசரமில்லை.

பரமபதம், தாயம் எல்லாம் இந்தக் காலத்துக்கு உதவுமா?

நன்றாக உதவும். அமெரிக்காவில் கீதா ராமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏழைக் குடும்பத்துப் பாலர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு 1 முதல் 10 வரை ஒரே வரிசையில் எண்கள் எழுதிய பலகை, மற்றவர்களுக்கு அதே மாதிரி பலகையில் எண்ணுக்குப் பதில் நிறங்கள். தலா 15 நிமிடம் போல நான்கு முறைதான் ஆடினார்கள். எண் பலகையில் ஆடியவர்கள் எண்ணுவதிலும், எது பெரிய எண் என்று சொல்வதிலும் முன்னேறினார்கள். நிறப் பலகைப் பிள்ளைகளுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. இத்தனைக்கும் இரண்டு கூட்டமும் ஒரே அளவு உற்சாகத்தோடு ஆடக்கூடிய விளையாட்டுதான்.

இதில் நம் வீட்டில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. காய் 14-இல் நிற்கிறது, 3 விழுகிறது. பிள்ளை 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று சொல்லி நகர்த்தினால் பழக்கம் வெறும் மூன்று எண்ணுவதில்தான். '15, 16, 17' என்று சொல்லி நகர்த்தினால் 14 + 3 தானாகவே மனதில் பதிகிறது. இந்த ஒன்றை மட்டும் வீட்டில் மாற்றிப் பாருங்கள். செலவே இல்லை.

நாங்கள் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கரைக்குப் போய் ஈர மணலில் 0 முதல் 50 வரை நீளமாகக் கோடு கிழிப்போம். பிள்ளைகளே காய்கள். அதே வரிசையை மறுநாள் செயலியில் எண்கோடாகப் பார்க்கும்போது 'டீச்சர், இது நம்ம மணல் கோடு' என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள். திரைக்கு முன் கால், கைக்குப் பின் திரை: இந்த வரிசையை மாற்றினால் எனக்குப் பலன் கிடைத்ததில்லை.

அப்படியென்றால் பல்லாங்குழியும் சோழியும் போதுமே, செயலி எதற்கு?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் விளையாட்டு மட்டும் போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. டெல்லியின் பாலர் பள்ளிகளில் எஸ்தர் டுஃப்ளோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்ட ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. பிள்ளைகள் மாதக்கணக்கில் எண்ணிக்கை, வடிவ விளையாட்டுகள் ஆடினார்கள். எது அதிகம், எது குறைவு என்று பார்வையால் உணரும் திறன் கூடியது, நீண்ட நாள் நிலைத்தும் இருந்தது. ஆனால் பள்ளிக்கு வந்து எண்ணையும் குறியையும் வைத்துச் செய்யும் கணக்கில் அந்த லாபம் தெரியவில்லை.

காரணத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். விளையாட்டிலிருந்து எழுத்துக்குப் போக ஒரு பாலம் வேண்டும். பல்லாங்குழியில் குழிக்கு 5 வீதம் 14 குழியிலும் போட்டால் எத்தனை முத்து? ஆடி முடித்ததும் 14 × 5 = 70 என்று பலகையில் எழுத வேண்டும். ஐந்து முத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டால் எந்தக் குழியில் முடியும் என்று போடுவதற்கு முன்பே சொல்லச் சொல்ல வேண்டும். நல்ல செயலி இந்தப் பாலத்தைச் சுலபமாகப் போடுகிறது. பொருளும் எண்ணும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒன்றை நகர்த்தினால் இன்னொன்றும் மாறும். நானே பலகையில் அப்படிச் செய்யப் போனால் அழித்து அழித்து எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

சோழி, சிப்பி பொறுக்கப் போகும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்: உயிருள்ளதைத் தொடாதே, கரை ஒதுங்கிய காலிக்கூடு போதும். கிடைக்காவிட்டால் புளியமுத்து இருக்கவே இருக்கிறது.

என்னென்ன செயலிகள் பயன்படுத்துகிறீர்கள்?

முதலில் கையில் இருப்பதைச் சொல்கிறேன். நம் பாடப்புத்தகத்தில் இருக்கும் கியூஆர் குறியீட்டை திக்‌ஷா செயலியில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளி வரும். பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலி 2023-இல் வந்தது, பாடங்கள் தமிழில் காணொளியாக இருக்கின்றன. இரண்டும் விளக்கம் கேட்க நல்லவை. ஆனால் காணொளி பார்ப்பது வேறு, விளையாடுவது வேறு. பிள்ளை கை வைத்துச் செய்ய வேறு வேண்டும்.

அதற்கு நான் முதலில் சொல்வது பெங்களூரு அக்‌ஷரா ஃபவுண்டேஷனின் பில்டிங் பிளாக்ஸ். இலவசம், தமிழில் உண்டு, இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். அடுத்து, அமெரிக்காவின் மேத் லேர்னிங் சென்டர் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு தரும் நம்பர் ஃபிரேம்ஸ், நம்பர் லைன், ஜியோபோர்டு. இவற்றில் நட்சத்திரம், மதிப்பெண், தாண்ட வேண்டிய நிலை எதுவுமே கிடையாது. வெறும் பத்துக்கட்டம் (பத்து அறை உள்ள கட்டம்), வெறும் எண்கோடு, வெறும் ஆணிப்பலகை (ஆணிகளில் ரப்பர் வளையம் மாட்டி வடிவம் போடுவது). கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். அதனாலேயே எனக்கு இவை மேல் தனிப் பிரியம். அவற்றில் எழுத்து குறைவு, ஆங்கிலம் தெரியாத பிள்ளையும் உடனே பிடித்துக்கொள்கிறது.

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பின்னங்களுக்கும் பரப்பளவுக்கும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாவனைகள், அதாவது திரையில் நகர்த்திச் செய்து பார்ப்பவை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய திட்டம் அது. வடிவியலுக்கு, வடிவங்களை வரைந்து நகர்த்திப் பார்க்கும் ஜியோஜீப்ரா செயலி. ஆனால் அதை ஐந்தாம் வகுப்புக்கு முன் பிள்ளை கையில் கொடுக்க மாட்டேன், ஆசிரியர் திரையில் காட்டினால் போதும்.

எதை எடுத்தாலும் வகுப்பைப் பார்த்து எடுக்காதீர்கள். தமிழக அரசின் தொடக்க வகுப்புத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' 2022-இல் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையை வைத்துப் பிரித்தோமே, அதே வழிதான். நான்காம் வகுப்பில் இருந்தாலும் பத்தைத் தாண்டும் கூட்டல் தடுமாறினால் பத்துக்கட்டத்தில்தான் தொடங்க வேண்டும்.

பல செயலிகளில் குரல் ஆங்கிலத்தில்தான் வருகிறது. பரவாயில்லையா? இங்கிலீஷும் சேர்ந்து வரட்டுமே?

எண் பழகும் வயதில் பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது. தமிழில் பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும் காதிலேயே கேட்கிறது. முப்பது என்றால் மூன்று பத்து. ஆங்கிலத்தில் தர்ட்டீன், தர்ட்டி இரண்டும் சின்னக் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கின்றன. லெவன், ட்வெல்வ் என்பதில் பத்து இருக்கும் இடமே தெரியாது. இடமதிப்பு கற்கும்போது தாய்மொழி பாதி வேலையைச் செய்து கொடுக்கிறது. அதை ஏன் விட வேண்டும்?

தமிழிலும் ஓர் இடத்தில் வழுக்கும். இருபது, முப்பது என்று எண்பது வரை ஒழுங்காக வந்த வரிசை தொண்ணூறில் திரும்புகிறது. தொண்ணூற்றைந்து என்றால் காதில் 'நூறு' விழுவதால் 105 என்று எழுதும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். தொள்ளாயிரத்திலும் இதே கதை, அங்கே 'ஆயிரம்' கேட்கிறது. எண்பத்தொன்பதுக்கு அடுத்து வரும் எண்களுக்கு மட்டும் செயலியை ஊமையாக்கிவிட்டு, பத்துப் பத்துக் கட்டாகக் கம்புகளை அடுக்கிக் காட்டுகிறேன். ஒன்பது கட்டுதான் இருக்கிறது, பத்தாவது கட்டு வரவில்லை, அதனால் நூறு இல்லை.

பின்னத்தில் இன்னும் கவனம் வேண்டும். 3/5 என்பதை நாம் 'ஐந்தில் மூன்று' என்று படிக்கிறோம். முழுமையை முதலில் சொல்லி, அதில் எத்தனை என்று பிறகு சொல்கிறோம். எவ்வளவு அழகான வாசிப்பு! ஆனால் கேட்ட வரிசையிலேயே மேலிருந்து கீழாக எழுதினால் 5/3 ஆகிவிடும். அதனால் என் வகுப்பில் கோட்டைப் போட்டு, கீழே உள்ளதை முதலில் எழுதச் சொல்கிறேன். செயலியில் 'த்ரீ ஃபிஃப்த்ஸ்' என்று மட்டும் கேட்ட பிள்ளைக்கு இந்த வரிசை குழம்பும். குரலை அணைத்துவிட்டு நீங்களே பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லுங்கள்.

பின்னம் என்றாலே பிள்ளைகள் ஓடுகிறார்கள். விளையாட்டாக எப்படி நடத்துவது?

கடற்கரையில் இருந்துகொண்டு பீட்சா படத்தை வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம். நம் பிள்ளைகளுக்குப் பங்கு தெரியும். வல்லத்தில் (சிறு படகில்) போய்ப் பிடித்த மீனை விற்றுச் செலவு போக மிச்சத்தைப் பிரிப்பதைத் தினமும் கேட்டே வளர்கிறார்கள். பங்கு முறை ஊருக்கு ஊர், படகுக்குப் படகு மாறும். நான் வகுப்பில் எடுப்பது எளிய ஒன்று: நான்கு ஆள், படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. மொத்தம் ஆறு பங்கு. மிச்சம் 5,400 ரூபாய் என்றால் பங்குக்கு 900. படகும் வலையும் தன்னுடையதாக வைத்துத் தானும் கடலுக்குப் போனவருக்கு மூன்று பங்கு, 2,700. 'அது பாதி டீச்சர்!' என்று ஒருவன் எழுந்தான். ஆறில் மூன்றும் அரையும் ஒன்று என்பதை நான் சொல்லவே இல்லை. அப்புறம்தான் ஃபெட் பாவனையைத் திறந்து 3/6-ஐயும் 1/2-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அன்றைக்குத் திரை, அவர்கள் கண்டுபிடித்ததற்குச் சாட்சியாக மட்டும் நின்றது.

1/8 பெரிதா 1/4 பெரிதா என்று கேட்டால் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் எட்டைப் பார்த்து ஏமாறுவார்கள். இங்கே அதற்கு இறால் இருக்கிறது. கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறதோ அதுதான் கவுண்ட். 30 கவுண்ட் இறால் பெரிதா, 40 கவுண்டா? இந்தக் கேள்விக்கு என் வகுப்பில் ஒரு பிள்ளைகூடத் தடுமாறியதில்லை. எண் ஏற ஏற இறால் சிறுக்கும். ஒரு கிலோவை 40-ஆகப் பிரித்தால் ஒன்று சின்னது, 30-ஆகப் பிரித்தால் பெரியது. 'அப்ப 1/40 சின்னது' என்று அடுத்த அடியை அவர்களே வைக்கிறார்கள். பின்னங்களை வரிசைப்படுத்தும் செயலி விளையாட்டை இதற்குப் பிறகு கொடுத்தால் தப்பு வெகுவாகக் குறைகிறது.

என் மகன் கரையில் மீன் விற்றுச் சில்லறை சரியாகக் கொடுக்கிறான். பரீட்சையில் மட்டும் கணக்கில் விட்டுவிடுகிறான். ஏன் டீச்சர்?

உங்கள் மகன் மட்டுமில்லை. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி 2025-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வும் இதையே சொன்னது: மனக்கணக்காகச் சிக்கலான கணக்கைப் போடுகிறார்கள், அதே கணக்கைப் பள்ளி முறையில் தாளில் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். பள்ளியில் மட்டும் கற்ற பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. அறிவில் குறை இல்லை, இரண்டு கணக்குக்கும் நடுவில் வழி போடப்படவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். அவன் மனதில் போட்டதை உங்களுக்கு வாயால் சொல்லட்டும். '360-க்கு 500 கொடுத்தாங்க, 40 போட்டா 400, அப்புறம் 100, அதனால 140.' அதை அப்படியே எண்கோட்டில் இரண்டு தாவலாக வரையட்டும். நம்பர் லைன் செயலி அதற்கென்றே செய்தது போல இருக்கும். புத்தகத்துக் கழித்தலும் அந்தத் தாவலும் ஒரே விடை தருவதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் இதற்காகப் பள்ளி நேரத்தில் கரைக்கு அனுப்ப வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் ஒரே போன். அதுவும் அவர் கடலுக்குக் கொண்டுபோய்விடுகிறார்.

தெரியும். ராமேசுவரம் பக்கம் விசைப்படகு போகும் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் பல வீட்டில் போன் இருக்காது. அதனால் போனில் செய்யும் வீட்டுப்பாடம் நான் கொடுப்பதே இல்லை. சக ஆசிரியர்களுக்கும் இதையே சொல்கிறேன்: போன் இருக்கும் பிள்ளை முன்னே போய், இல்லாத பிள்ளை தலைகுனிந்து நிற்கும் ஏற்பாடு நமக்கு வேண்டாம்.

வகுப்பில் ஒரே ஒரு போன் இருந்தால்கூட எல்லோரும் ஆடலாம். பிளிக்கர்ஸ் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அச்சிட்ட அட்டை. அட்டையைத் திருப்பிப் பிடிக்கும் விதத்தில் நான்கு விடையில் ஒன்று குறிக்கப்படும். ஆசிரியர் போன் கேமராவை வகுப்பு முழுக்கக் காட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். ஒவ்வோர் அட்டையும் வேறு வடிவம், அதனால் பக்கத்து அட்டையைப் பார்த்துத் திருப்ப முடியாது. தப்பாகச் சொன்ன பிள்ளை யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். பேசவே கூச்சப்படும் பிள்ளை இதில் கை உயர்த்துவதைப் பார்க்க வேண்டும்.

கைக்கணினி ஒன்று கிடைத்தால் இரண்டு பேரை உட்கார வையுங்கள், ஆளுக்கு ஒன்று தேடாதீர்கள். குஜராத்தின் வதோதராவில் நான்காம் வகுப்பில் ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளை, வாரம் இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டு என்று செய்து பார்த்ததை 2007-இல் வெளியிட்டார்கள். கணக்கில் நல்ல முன்னேற்றம் இருந்தது. நிறுத்தி ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது அதில் பெரும்பகுதி கரைந்திருந்தது. அதனால் ஒரு பருவம் செய்து விட்டுவிடும் வேலை அல்ல இது.

சிக்னல் இல்லை, கரண்ட் இல்லை. என்ன செய்வது?

இணையம் இல்லாமல் ஓடுவதை மட்டும் தேர்ந்தெடுத்து, சிக்னல் கிடைக்கும் இடத்தில் முன்பே இறக்கி வையுங்கள். உப்புக்காற்றில் சார்ஜ் போடும் துளை சீக்கிரம் அரிக்கும், கருவியை மூடிய டப்பாவில் வையுங்கள். திறக்கவில்லையா, அன்றைக்கு மணல் கோடு.

எவ்வளவு நேரம் கொடுக்கலாம்?

2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதல், எட்டாம் வகுப்பு வரை இணைய வழி வகுப்பு ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிட அளவில் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றது. அது பெருந்தொற்றுக் காலத்துக்கு. சாதாரண நாளில் 15 நிமிடம் எனக்குப் போதும். ஆனால் அந்த 15 நிமிடத்துக்குப் பிறகு ஐந்து நிமிடம் நோட்டில் எழுத வேண்டும்: இன்றைக்கு எந்த இடத்தில் மாட்டினாய், எப்படி வெளியே வந்தாய்? எழுதத் தெரியாத சின்னப் பிள்ளை படம் போடட்டும்.

நாங்கள் படிக்கவில்லை. வீட்டில் எங்களால் என்ன சொல்லித்தர முடியும்?

விடை சொல்ல வேண்டாம். 'எப்படிடா கண்டுபிடிச்சே?' என்று கேட்டால் போதும், சரியான விடைக்கும் கேளுங்கள். தப்புக்கு மட்டும் கேட்டால் அந்தக் கேள்வியே திட்டு மாதிரி ஆகிவிடும்.

அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர் வீட்டில் அப்பாவும் இருப்பார், போனும் இருக்கும், கோடை விடுமுறையும் சேர்ந்து வரும். காலண்டரை இறக்கி வைத்து எத்தனை நாள் என்று பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். ஏப்ரலில் 15 என்று போடுவார்கள். பதினைந்தாம் தேதியையும் சேர்த்தால் 16 என்று தாங்களே திருத்திக்கொள்வார்கள், மேயில் 31, ஜூனில் 14, மொத்தம் 61. வலை பழுது பார்க்கும்போது தாத்தா இரண்டு கையையும் விரித்துப் பாகம் பாகமாக அளப்பதைப் பார்த்திருப்பார்கள். ஒரு பாகம் ஆறடி என்று வைத்தால் இந்தக் கயிறு எத்தனை அடி? ஒன்பது வயதுப் பிள்ளை கை விரித்து அளந்தால் அதே கயிறு ஏன் அதிகப் பாகம் வருகிறது? போன விடுமுறையில் இந்த இரண்டாவது கேள்வியோடு ஒரு பிள்ளையை அனுப்பினேன். ஜூனில் பள்ளி திறந்த முதல் நாள், தாத்தா கையளவு, அப்பா கையளவு, தன் கையளவு மூன்றையும் ஒரே எண்கோட்டில் வரைந்த தாளோடு வந்து நின்றாள்.